பட்டி முதலா, பிரைமர் முதலா? புதுப் பூச்சுச் சுவருக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

உரிந்து விழுந்த பெயிண்டைக் கூட்டி அள்ளுவதற்கு முன்னால் ஒரு துண்டை எடுத்து அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் பிடி விட்டது என்பதை அந்த முதுகு காட்டிக்கொடுத்துவிடும்.

மயிலாடுதுறைப் பக்கம் அக்கா கட்டிய வீட்டுக்குத் தை மாதம் புதுமனை புகுவிழா. சித்திரையில் நான் போனபோது கூடத்துச் சுவரில், சோபாவுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. நகத்தால் கீறினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்து இறங்கியது. மேல் தோல் பாலாடை போல முழுசாகக் கையோடு வந்தது. அதன் முதுகில் வெள்ளைப் பட்டி, அதாவது சுவரை இழைவாக்கப் பெயிண்டுக்கு முன் தடவும் மாவு, அப்படியே ஒட்டியிருந்தது. சுவரிலோ சாம்பல் நிறச் சிமெண்ட், கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அத்தான் பெயிண்டைத் திட்டினார். பெயிண்டர் சிமெண்டைத் திட்டினார். கொத்தனார் எம்சாண்டைத் திட்டினார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் பூச்சு முடிந்தது ஐப்பசிக் கடைசி. கார்த்திகை முழுக்க மழை. மார்கழி முதல் வாரத்தில் பட்டி, மூன்றாம் வாரத்தில் பெயிண்ட், தையில் முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, சுவர் காய்ந்தால் என்ன, காயாவிட்டால் என்ன?

முதுகைப் படிப்பது எளிது. பட்டியும் சேர்ந்து வந்து சுவரில் வெறும் சிமெண்ட் தெரிந்தால், பட்டி பூச்சைப் பிடிக்கவில்லை. பெயிண்ட் மட்டும் மெல்லிய தாளாக வந்து பட்டி சுவரிலேயே நின்றால் கோளாறு பிரைமரில் (மேலே வருவது பிடிக்க அடியில் அடிக்கும் அடுக்கு): ஒன்று அடிக்கவே இல்லை, அல்லது உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள். முதுகில் மணலும் சிமெண்ட் பொடியும் ஒட்டியிருந்தால் பூச்சிலேயே சத்தில்லை. நடுவே பஞ்சு போல வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு, எங்கிருந்தோ தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரரும் மேஸ்திரியும் உறவினரும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற வரும்போது, மேலே பூசிய பொருள் வழி விடுமா, மறிக்குமா?

28 நாளா, இன்னும் அதிகமா?

பத்துக்குப் பத்து அடிச் சுவரை அரை அங்குலக் கனத்தில் 1:5 கலவையால் (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல்) பூசுவதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகச் சிமெண்ட் போகிறது. கலவையில் ஊற்றும் தண்ணீர் 25 லிட்டர் பக்கம் வருகிறது. சிமெண்ட் இறுகும்போது தனக்குள் கட்டிப்போட்டுக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது எட்டு ஒன்பது லிட்டர். மீதி அத்தனையும் வெளியேறியாக வேண்டும். பூசுவதற்கு முன் செங்கல் குடித்தது, பூசியபின் ஏழு நாள் காலையும் மாலையும் அடித்தது எல்லாம் தனி. ஒரு சுவருக்குள் இரண்டு குடம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் தவறில்லை.

28 என்பது சிமெண்டின் வலிமையைச் சோதித்துப் பார்க்கும் நாள். அன்றைக்குச் சுவர் காய்ந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பெயிண்ட் நிறுவனங்களும் அந்த எண்ணைக் குறைந்தபட்சமாகத்தான் சொல்கின்றன. சித்திரை வெயிலில் 28 நாளும் கார்த்திகை மழையில் 28 நாளும் ஒன்றாகுமா? காற்றே ஈரமாக இருக்கும் மாதத்தில் சுவர் ஈரத்தை யாரிடம் கொடுக்கும்? வெயில் காலமானால் தண்ணீர் அடிப்பதை நிறுத்திய நாளிலிருந்து ஒன்றரை மாதம், மழைக்காலமானால் மழை நின்றபின் இரண்டு மாதம் என்பது என் கணக்கு. இதற்குப் பயந்து சிலர் தண்ணீர் அடிப்பதையே மூன்று நாளில் நிறுத்திவிடுகிறார்கள், சுவர் சீக்கிரம் காயுமாம். காயும்தான். கூடவே சிமெண்ட் இறுகாமல் நின்றுபோய், தேய்த்தால் மாவாக உதிரும் பூச்சு மிஞ்சும். ஏழு நாள் தண்ணீரைக் குறைத்து ஈட்டும் நான்கு நாள், பிறகு சுவரையே கொத்தி எடுக்கும் செலவில் போய்விடும்.

நாள் கணக்கை நம்ப மனமில்லாதவர்களுக்கு மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒட்டினால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பிரியுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, சுவரில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலும், ஆள் உயரத்திலும், குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவரிலும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. இரண்டு ஊசி கொண்டு சுவரில் அழுத்தும் ஈரமானியும் கடைகளில் கிடைக்கிறது, ஒரு வீட்டுக்காக வாங்க வேண்டியதில்லை.

ஈரம் பாதிக் கதை. மறு பாதி காரம். சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு பிறக்கிறது. புதுப் பூச்சின் காரத்தன்மை pH அளவில் (7-க்கு மேல் போனால் காரம்) 12, 13 வரை இருக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டுப் பட்டுத்தான் அந்தச் சுண்ணாம்பு மெல்லக் கல்லாகி அடங்கும். இதை நம் வீட்டு அடுக்களைச் சாமானாலேயே பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே வேலைதான். பட்டியால் மறையப்போகும் இடத்தில் சுவரைச் சற்று நனைத்து, கரைத்த மஞ்சளைத் தொட்டு வைத்தால், சுண்ணாம்பு உயிரோடு இருக்கும் சுவர் உடனே குங்குமச் சிவப்புக் காட்டும். அடங்கிய சுவரில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும், அல்லது லேசாகப் பழுப்பேறும். இது துல்லியமான அளவை இல்லை, ஆனால் அவசரப்படும் அத்தானிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வழவழப்பா, சொரசொரப்பா?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, ஆனால் அக்கா வீட்டுச் சுவர் தோற்றது இங்கேதான். பழைய பழக்கத்தில் சில கொத்தனார்கள் பூச்சின் மேல் சிமெண்ட் பாலைத் தெளித்து, கரண்டியால் இழுத்து இழுத்துக் கண்ணாடியாக்கிவிடுவார்கள். வெறும் சுண்ணாம்போடு நின்ற காலத்தில் அது அழகு. இப்போது மேலே பட்டி வரப்போகிறது என்றால் அந்த வழவழப்பில் பட்டிக்குப் பிடிமானமே இல்லை. மணியாசு கட்டையால் தேய்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி விட்ட சொரசொரப்புதான் வேண்டும். கொத்தனார் பெருமைக்காக வழித்துவிட்டால், பட்டிக்கு முன் முரட்டு உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ கொண்டு அந்தப் பளபளப்பை அறுக்க வேண்டும். கான்கிரீட் தூண், பீம் ஆகியவற்றைக் கொத்திவிட்டுப் பூசுகிறோம் அல்லவா, அதே நியாயம் பட்டிக்கும் உண்டு.

எந்தப் பட்டி?

சந்தையில் எதிரெதிரே நிற்பவை இரண்டு. ஒன்று வெள்ளைச் சிமெண்டால் ஆன தூள் பட்டி, 40 கிலோ மூட்டையாக வருவது. இன்னொன்று அக்ரிலிக் பட்டி, வாளியில் களிம்பாகவே வருவது.

தூள் பட்டியும் ஒரு சிமெண்ட் என்பதை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான கோளாறுக்கு வேர். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். காய்ந்து கிடக்கும் சுவரில் தடவினால் சுவர் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும், பட்டி இறுகாமல் மாவாகவே உலரும். அதனால் தடவுவதற்குச் சற்று முன் சுவரை நனைக்க வேண்டும். ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் வழியக்கூடாது. இரண்டு மாதம் காயவிட்ட சுவரையா மறுபடி நனைப்பது என்று கேட்பார்கள். மேலே தெளிக்கும் ஒரு கை தண்ணீர் ஒரு நாளில் போய்விடும், உள்ளே நிற்கும் இரண்டு குடத்தோடு அதை ஒப்பிட முடியாது.

கலக்கும் அளவும் முக்கியம். பெயிண்டர் காலையில் ஒரு பெரிய தொட்டி நிறையக் கலக்கி வைத்துக்கொண்டு, மதியம் கெட்டியானதும் தண்ணீர் ஊற்றி இளக்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்கும் அளவு மட்டுமே கலக்க வேண்டும். பாதி இறுகிய சிமெண்டை உடைத்துத் தண்ணீர் விட்டால் அது பிறகு எதையும் பிடிக்காது. இரண்டு கையாகத் தடவி மொத்தக் கனம் ஒன்றரை மில்லி மீட்டருக்குள் நிற்க வேண்டும். மட்டப்பலகை வைத்தால் விரல் நுழையும் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பச் சொல்லும் வீட்டுக்காரரும் உண்டு. அந்தப் பள்ளம் கொத்தனாருடையது, கலவையால் அடைக்க வேண்டியது.

அக்ரிலிக் பட்டி வேறு குணம். தடவ இழைவு, உப்புத்தாள் போட எளிது, முடிவில் வெண்ணெய் போலச் சுவர். ஆனால் அதன் பிடி பசையின் பிடி. ஈரம் வந்தால் பசை ஊறும், ஊறினால் கொப்புளிக்கும். உள் அறை, மாடி, நன்றாகக் காய்ந்த சுவர், பழைய சுவரின் சிறு ஒட்டுவேலை ஆகியவற்றுக்கு நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். புது வீட்டின் தரைத்தளச் சுவருக்கும், வெளிச்சுவரின் உட்புறத்துக்கும், குளியலறையை ஒட்டிய சுவருக்கும் வேண்டாம். வெளிப்புறத்துக்கு அது செய்யப்பட்ட பொருளே இல்லை.

சாக் தூளையும் வார்னிஷையும் கையாலேயே குழைத்துச் செய்யும் பழைய பட்டியைச் சில ஊர்களில் இன்னும் தடவுகிறார்கள். மரக்கதவுக்குச் சரி. காரம் அடங்காத சுவரில் எண்ணெய்ப் பொருள் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வழியும் இருக்கிறது, யாரும் விற்க முன்வராத வழி: பட்டியே வேண்டாம். ஸ்பாஞ்ச் போட்ட பூச்சின் மேல் நேரே பிரைமர், அதன் மேல் மேட் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பளபளப்பில்லாத பெயிண்ட். சுவரில் மணல் தடம் தெரியும், சாயங்கால வெளிச்சத்தில் மேடு பள்ளம் காட்டும். ஆனால் உரிவதற்கு ஓர் அடுக்குக் குறைவு. மாட்டுக்கொட்டகை, கிடங்கு, மாடிப்படி அறை, வாடகைக்கு விடும் பகுதி எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கூடத்துக்குக்கூடப் போதும் என்பது என் கருத்து. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டி முதலா, பிரைமர் முதலா?

பெயிண்டர்களுக்குள் அடிதடி வரைக்கும் போகும் கேள்வி இது. இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. எந்தப் பட்டி என்று கேட்காமலே சண்டை போடுவதுதான் வேடிக்கை.

தூள் பட்டியானால் பட்டி முதலில். சிமெண்ட் சிமெண்டோடு ஒட்ட வேண்டும், பூச்சின் நுண்துளைக்குள் இறங்கி அங்கே இறுக வேண்டும். நடுவில் பிரைமரை அடித்தால் அந்தத் துளைகளை அது மூடிவிடுகிறது. பட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்ததற்குச் சமம். தூள் பட்டியின் மூட்டையிலேயே கீழே பிரைமர் தேவையில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர் என்று மூன்று அடுக்குக்குக் கூலி கேட்கும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. பிரைமர் அடித்தால் சுவர் பட்டியைக் குறைவாகக் குடிக்கும், தடவ இலகுவாகக் கை ஓடும். பெயிண்டரின் தோள்பட்டைக்கு அது நல்லது. சுவருக்கு நல்லதல்ல.

அக்ரிலிக் பட்டியானால் பிரைமர் முதலில். அதற்குச் சிமெண்ட் பிடி கிடையாது, பசை பிடிக்க ஒரே சீராக உறிஞ்சும் தளம் வேண்டும். காய்ந்த பூச்சு அதன் ஈரத்தைத் திட்டுத் திட்டாகக் குடித்தால் சில இடத்தில் பட்டி சத்திழந்து போகும்.

மேலே அடிக்கும் பிரைமரை இரண்டிலும் விடக்கூடாது. பட்டி முடிந்து உப்புத்தாள் போட்டபின் சுவரில் கையை வைத்தால் மாவு ஒட்டும். துடைப்பத்தால் தட்டினால் போதாது. நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு பிரைமர். அந்த மாவின் மேல் அடித்த பிரைமர் மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அக்கா வீட்டுப் படுக்கையறையில் பெயிண்ட் மட்டும் தாளாக வந்தது இதனால்தான், கூடத்தில் நடந்தது வேறு நோய். ஒரே வீட்டில், ஒரே ஆள் கையால், இரண்டு விதமான உரிதல்.

பிரைமர் காய்ந்த மறுநாள் நீங்களே பார்க்கலாம். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் டேப்பில் மாவோ செதிளோ வரக்கூடாது. வந்தால் பெயிண்டரை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வண்ணம் அடித்தபின் இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

தண்ணீர் பிரைமரா, டர்பன்டைன் பிரைமரா?

டர்பன்டைன் ஊற்றி இளக்கும் பிரைமர் சுவருக்குள் ஆழமாக இறங்கும், மாவாக உதிரும் பழைய சுவரைக் கட்டிப் பிடிக்கும். அதன் பெருமை அங்கே. புதுப் பூச்சுக்கு அது பொருந்தாததற்குக் காரணம் பழைய சோப்புக் கதைதான்: எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. எண்ணெயிலிருந்து வந்த பிசினைக் கொண்ட பிரைமர், எனாமல் எதுவானாலும் காரம் அடங்காத சுவரில், கொஞ்சம் ஈரமும் துணைக்கு வந்தால், அடியிலிருந்து சோப்பாகக் கரையத் தொடங்கும். தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு மடல் மடலாக எழும்பும். அடுக்களையில் எண்ணெய்க் கறை துடைக்க வசதி என்று அடுப்புக்கு மேல் எனாமல் அடித்த புது வீடுகளில் முதலில் உரியும் சுவர் அதுவாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஆகவே புதுச் சுவருக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் சிமெண்ட் பிரைமர், டப்பாவில் காரம் தாங்கும் என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். எத்தனை பங்கு தண்ணீர் என்பதும் அதே டப்பாவில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஒரு வாளியில் இரண்டு அறை முடிக்க வேண்டுமென்று பாலில் தண்ணீர் கலப்பதுபோல் கலந்தால், வெள்ளை நிறம் இருக்கும், பிடிக்கும் பசை இருக்காது. பிரைமர் அடிக்கும் அன்று வீட்டுக்காரர் வேலையிடத்தில் இருப்பது, பெயிண்ட் நிறம் தேர்வு செய்யும் அன்று இருப்பதைவிட அவசியம்.

மேலே என்ன வண்ணம்?

அக்கா வீடு இதில் தற்செயலாக ஒரு சோதனைக்கூடம் ஆகிவிட்டது. கூடத்துக்குத் துடைக்கக்கூடிய பளபளப்பு எமல்ஷன், விலை அதிகம். அதே வரிசையில் தொடரும் சாமான் அறைக்கு மிச்சம் பிடிக்க மேட் எமல்ஷன். வெளியே ஒரே தாழ்வாரம், ஒரே ஈரம். கூடத்தில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்தது. சாமான் அறையில் அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது, துணியால் துடைத்தால் போயிற்று, இரண்டு மாதத்தில் பூப்பதும் நின்றது. பெயிண்ட் அப்படியே இருக்கிறது. பளபளப்பான பெயிண்ட் இறுக்கமான தோல், ஆவியை விடாது. மேட் பெயிண்டில் நுண்துளை அதிகம், சுவர் மூச்சு விடும். விலை உயர்ந்ததை வாங்கினால் உரியாது என்று நினைப்பவர்கள் முதல் ஆண்டில் ஏமாறுவது இங்கேதான்.

டிஸ்டெம்பர் (சாக் தூள் கலந்த தண்ணீர் வண்ணம்) மலிவு, மூச்சும் விடும். பட்ஜெட் இறுகியவர்கள் அதற்குப் போவதில் தப்பில்லை. ஆனால் ஈரம் பட்டால் கையில் ஒட்டும். பின்னால் எமல்ஷனுக்கு மாறும்போது அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் புதுப் பெயிண்ட் அதையும் கூட்டிக்கொண்டு உரியும்.

நம் தாத்தாக்களின் வழி, முதல் வருடம் வெறும் சுண்ணாம்பு. வேதியியல்படி இதை வெல்ல ஆளில்லை. சுண்ணாம்புக்குக் காரம் பகையில்லை, ஈரம் பகையில்லை, காற்றுப் பட்டுக் கல்லாகிச் சுவரோடு சேர்ந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுவர்கள் தலைமுறை தாண்டியும் தோல் உரியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் அங்கே உரிய ஒரு தனித் தோலே இல்லாததுதான். சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் வந்தபின் அந்த வழியைப் பாதியாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். ஒரு வருடம் சுண்ணாம்பு அடித்துவிட்டு அதன் மேலேயே எமல்ஷன் அடித்தால், சுண்ணாம்பு மாவின் மேல் பெயிண்ட் நிற்காது. முழுக்கச் சுரண்ட வேண்டும், சுரண்டும் கூலி சேமித்ததைத் தின்றுவிடும். சுண்ணாம்பு என்றால் என்றும் சுண்ணாம்பு என்று இருப்பவர்களுக்கே அது.

எனக்குப் பிடித்தது நடுவழி. பட்டி, பிரைமர், மேட் எமல்ஷன் ஒரே ஒரு கை. அதோடு குடி போய்விடலாம், முகூர்த்தமும் தவறாது, போட்டோவிலும் நன்றாக இருக்கும். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும். கீறல் விடுவது, உப்புப் பூப்பது, ஜன்னலோரம் கசிவது எல்லாம் அதற்குள் முகம் காட்டிவிடும். அவற்றைச் சரி செய்துவிட்டு, அடுத்த தையில் இரண்டாம் கை. பளபளப்பு வேண்டுமானால் அப்போது அடித்துக்கொள்ளுங்கள். பெயிண்டரை இரண்டு முறை கூப்பிட வேண்டும், நாற்காலி மேசையை நகர்த்த வேண்டும், அதுதான் இதன் விலை.

ஜிப்சம் பூச்சு

சென்னையில் அடுக்குமாடிக் கட்டுபவர்கள் சிமெண்டுக்குப் பதில் ஜிப்சம் பூசுகிறார்கள். அரை மணியில் இறுகும், தண்ணீர் அடிக்க வேண்டாம், காரம் கிடையாது, பட்டி பெரும்பாலும் தேவையில்லை. சில நாளில் காய்ந்ததும் பிரைமர் அடித்து வண்ணம். அவசரக்காரருக்கு இதுவே நேர்மையான வழி. ஆனால் ஜிப்சத்துக்குத் தண்ணீர் எமன். ஊறினால் வலுவே போய்விடும். ஐந்தாவது மாடி உள் அறைக்கு நான் யோசிக்காமல் சொல்வேன். டெல்டாவில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் ஊரில், தனி வீட்டின் தரைத்தளத்துக்குச் சொல்ல மாட்டேன். குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் எந்த ஊரிலும் கூடாது.

வெளிப்புறம் பற்றிச் சுருக்கமாக

உள்ளே உரிவதற்குக் காரணம் பல வீடுகளில் வெளியே இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல், சன்ஷேடின் மேல் தேங்கும் நீர், ஜன்னல் அடியில் வழிவு இல்லாமை. இவற்றை விட்டுவிட்டு உள்ளே எந்தப் பெயிண்டை மாற்றினாலும் பயனில்லை. அடித்தளத்தில் ஓதத் தடுப்பு அடுக்கு போடாத வீட்டில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். அதை மறைக்க டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்ப் பூக்கும்.

வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பெயிண்டா, எமல்ஷனா என்றால், புதுச் சுவருக்கு முதல் சுற்றில் சிமெண்ட் பெயிண்ட் இன்னும் கௌரவமான பதில். அது தூளாக வரும் சிமெண்ட், சுவரை நனைத்து அடிக்க வேண்டும், அடித்தபின் தண்ணீர் தெளிக்க வேண்டும். காரத்தோடு அதற்குச் சண்டை இல்லை. நிறம் சீக்கிரம் வெளிறும், பாசி பிடிக்கும். எமல்ஷன் மழையைத் தள்ளும், நிறம் நிற்கும், ஆனால் காய்ந்த சுவரைக் கேட்கும்.

மோட்டார் அறை

அக்கா வீட்டைப் பார்த்து வந்தபின் எங்கள் வீடு கட்டும்போது மோட்டார் அறையின் உள் சுவர் ஒன்றைப் பெயிண்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த பக்கம் தண்ணீர்த் தொட்டி, எப்போதும் கொஞ்சம் ஈரம். பென்சிலால் கோடு போட்டு நான்காகப் பிரித்தேன். முதல் பத்தியில் அவர் வழக்கப்படி பிரைமர், தூள் பட்டி, பிரைமர். இரண்டாவதில் நனைத்த சுவரில் நேரே தூள் பட்டி, பிறகு பிரைமர். மூன்றாவதில் பிரைமர், அக்ரிலிக் பட்டி, பிரைமர். நான்காவதில் பட்டியே இல்லாமல் பிரைமர். நான்கின் மேலும் ஒரே டப்பாவிலிருந்து ஒரு கை மேட் எமல்ஷன். பெயிண்டர் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார்.

முதல் மழை முடிந்தபோது மூன்றாவது பத்தியில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மாசியில் அது கீழ் ஓரத்திலிருந்து சுருண்டுகொண்டு வந்தது. முதல் பத்தி கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. விரல் முட்டியால் தட்டினால் மட்டும் சில இடத்தில் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டது. ஸ்பானர் கைதவறிப் பட்டபோது தோசை அளவுக்கு ஒரு வில்லை விழுந்தது, அதன் முதுகில் பிரைமரின் வெள்ளை. இரண்டாவது பத்தியில் அதே ஸ்பானரால் வேண்டுமென்றே தட்டினேன். பட்ட இடம் மட்டும் நசுங்கியது. நான்காவதில் அடிப்பகுதியில் உப்புப் பூத்தது, துடைத்தேன், மறுபடி பூத்தது, துடைத்தேன். பெயிண்ட் உரியவில்லை.

பெயிண்டர் அடுத்த வருடம் இரண்டாம் கை அடிக்க வந்தபோது அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்தார். முதல் பத்தியைத் தட்டி, இரண்டாவதைத் தட்டி, மறுபடி முதல் பத்தியைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் பழைய பெயிண்டின் மேல் உப்புத்தாள் போட்டு முடித்ததும், நான் கேட்காமலே ஒரு வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துவரச் சொல்லித் தன் பையனை அனுப்பினார்.